ஆக்லாந்தில் ஒரு குடவோலை

ஆக்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பின்வாசல் வழியாக இறங்கினாலும் அங்கிருந்தே குரல் கொடுக்கிறார்கள். எங்கள் கும்பகோணத்தில் டிரைவரோடு நாம் பேசுகிற ஒரே சந்தர்ப்பம், நிறுத்தத்தைத் தாண்டிப் போய் அவர் வண்டியை நிறுத்தும்போதுதான். அப்போது வாயில் வருவது நன்றி அல்ல. முதல் இரண்டு நாள் எனக்கு இது நடிப்பாகப் பட்டது. திரும்பும்போது நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். சோழர் காலத்து ஊராட்சி என் பாடம். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்களில் சபை, வேளாண் ஊர்களில் ஊர், வணிகர்களுக்கு நகரம், பல ஊர்கள் சேர்ந்தால் நாடு என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் தூங்குவார்கள். மேடையில் மட்டும் கைதட்டுவார்கள், அதுவும் உத்திரமேரூர்க் கல்வெட்டு வந்ததும். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி, வந்த பெயருக்கு உரியவரை ஏரியைப் பார்க்க, தோட்டத்தைப் பார்க்க என்று ஒவ்வொரு வாரியத்திலும் அமர்த்தினார்கள். இவ்வளவு சொன்னால் போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நமக்கு ஜனநாயகம் என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லாமல் நன்றியுரை முடியாது.

அப்படி நான் பேசிய ஒரு பேச்சை யாரோ யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். அதை ஆக்லாந்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பார்த்திருக்கிறார். பெயர் செந்தில். ஈரோட்டுக்காரர், மென்பொருள் வேலை. போனில் பிடித்தார்.

“எங்க சங்கத்துல எலெக்‌ஷன்னாலே அடிதடிங்க மேடம். இந்தியாக்காரங்க ஒரு பக்கம், இலங்கைக்காரங்க ஒரு பக்கம், மலேசியாக்காரங்க யாரு ஜெயிப்பாங்கன்னு பாத்துட்டு ஒரு பக்கம். போன தீபாவளியை ரெண்டு ஹால்ல தனித்தனியா கொண்டாடுனோம்னா பாத்துக்கோங்க. இந்தத் தடவை ஓட்டே வேண்டாம். குடவோலை. நீங்க வந்து முன்ன நின்னு நடத்திக் குடுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லில் இருந்ததை வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளிடம், அது நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம் வா என்று சொன்னால் வேறென்ன செய்வாள்? சரி என்றேன்.

நிஜ ஓலையே கொண்டுவரச் சொல்லியிருந்தார். நறுக்கிப் பதப்படுத்திய பனை ஓலை ஒரு கட்டு, பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். விமான நிலையத்தில் செடி கொடி விதைகளைச் சோதிக்கும் அதிகாரி ஒரு பெண். கையுறை போட்டுக்கொண்டு பட்டுத்துணியை அவிழ்த்தாள். இது என்ன என்று கேட்டாள். வாக்குச்சீட்டு என்றேன். எந்தத் தேர்தலுக்கு என்றாள். பத்தாம் நூற்றாண்டுத் தேர்தலுக்கு என்று என் வாய்க்கொழுப்பு பதில் சொன்னது. அவள் சிரிக்கவில்லை. ஓலையில் பூச்சி இருக்கலாம் என்று மிக மரியாதையாகச் சொல்லி, மரியாதையாகவே எடுத்துத் தொட்டியில் போட்டாள். கூடவே மணத்தக்காளி வற்றலும் போயிற்று. அந்தக் காலத்தில் சுங்கச் சாவடியில் மிளகு மூட்டையைப் பறிகொடுத்த வணிகனும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

செந்தில் வீடு பிளாட் புஷ்ஷில். புது வீடுகள், ஒரே நிறத்துக் கூரைகள், ஆளே நடக்காத தெருக்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அரைமணிக்கு ஒரு நாய் போகிறது, அதன் பின்னால் ஒரு மனிதர் போகிறார். செந்திலின் மனைவி அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் வைத்தார். ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் ஈரோட்டுக்காரர் வீட்டில் அது கிடைத்துவிடும். அவர்கள் மகள் தியா, ஐந்து வயது, என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குடத்தில் கைவிட்டு எடுக்கப்போவது அவள்தான். கல்வெட்டுப்படியே ஒன்றும் அறியாத குழந்தை என்று செந்திலுக்குப் பெருமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சங்கம் நடத்துகிற தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைதோறும் ஊரின் மறுகோடியில், வடக்கே கிளென்ஃபீல்டில் நடக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். பள்ளியைப் பார்த்துக்கொள்கிற வதனி, முதல் நாளே வந்து தன் வீட்டில் தங்கச் சொல்லியிருந்தார். காரில் கொண்டுவிடுகிறேன் என்றார் செந்தில். வேண்டாம், நானே போவேன் என்று வீம்பு பிடித்தேன். ரயில் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நகரத்தில் இறங்கி, பெரிய பாலத்தைத் தாண்டும் பஸ் எது என்று ஒருவரைக் கேட்டேன். அவர் காட்டினார். பாலத்தைத் தாண்டும் பஸ் பல உண்டு, அதில் கிளென்ஃபீல்டுக்குப் போவது சில என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாடி பஸ்ஸில் மேலே முன்சீட்டில் உட்கார்ந்து கடலையும் படகுகளையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி போனவள், கடைசி நிறுத்தத்தில் இறக்கப்பட்டேன். ஆல்பனி. சுற்றிலும் கார் நிறுத்துமிடம், மேலே மழை.

டிரைவர் சமோவாக்காரர், ஆஜானுபாகுவான ஆள். “அம்மா, நீங்கள் எங்கே போக வேண்டும்?” என்றார் ஆங்கிலத்தில். சொன்னேன். “அது பின்னால் போய்விட்டதே. பரவாயில்லை, எனக்கும் இப்போது இடைவேளைதான்” என்று நான் காட்டிய எண்ணைப் போட்டுத் தன் போனிலிருந்து வதனியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நிழற்குடையில் உட்கார்ந்து அவர் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பலகாரம் ஒன்றைச் சாப்பிட்டார், எனக்கும் ஒன்று நீட்டினார். உள்ளே சுடச்சுட ஆட்டிறைச்சி என்று நினைத்துக் கடித்தேன், மாடு என்று பிறகுதான் தெரிந்தது. என் பரம்பரையில் மாடு தின்றவள் நான்தான் முதலாக இருக்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

வதனி வேலைக்குப் போட்ட நீலச் சட்டையோடே வந்தார். ஆல்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நாற்பதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இல்லை, மகன் வெலிங்டனில் படிக்கிறான். “நல்ல காலம் ரீச்சர், வேலை முடியிற நேரமாப் பாத்துத் துலைஞ்சிருக்கிறியள்” என்று கதவைத் திறந்துவிட்டார். டீச்சரை ‘ரீச்சர்’ ஆக்கிய அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துப் போயிற்று.

கிளென்ஃபீல்டில் அவர் வீடு மேட்டுச் சரிவில் ஒரு பழைய மரவீடு. உள்ளே நுழைந்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. சாமி படம், மகன் பட்டயம் வாங்கும் படம், காலண்டர் எல்லாமே அலமாரியிலும் தரையிலும் சாய்த்து வைத்திருந்தார். சுவர் வெறுமையாக இருந்தது.

“ஆணி அடிச்சா வீட்டுக்காரருக்குப் பிடிக்காது” என்றார் வதனி. “ரெண்டு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா ஆக்கள் வந்து அடுப்புக்குள்ள எல்லாம் பாத்துட்டுப் போவினம். வாடகை வீடெண்டால் அப்பிடித்தான்.”

நம் ஊரிலும் வாடகை வீட்டில் ஆணிச் சண்டை உண்டு. ஆனால் அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்க்கும் வீட்டுக்காரரை நான் கேள்விப்பட்டதில்லை.

இரவுக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மீன் பொரியலும். சாப்பிடும்போது குடவோலையைப் பற்றிக் கேட்டார். நான் மேடையில் பேசுவதையே தட்டைப் பார்த்துப் பேசினேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷத்துக்குத் திரும்ப வரக்கூடாது. வதனி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப குடத்துக்குள்ள பேர் போகாத ஆக்கள் என்ன செய்தவை, ரீச்சர்?”

“கல்வெட்டுல அதைப் பத்தி இல்லம்மா.”

“ஓம்” என்று சொல்லி இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அது முழு உண்மை இல்லை. அவர்கள் கல்வெட்டுகளில் வருவார்கள். ஏரியைத் தூர் வாருகிற இடத்தில் வருவார்கள். நிலத்தோடு சேர்த்து இன்னாருக்குக் கொடுத்தோம் என்கிற இடத்தில் வருவார்கள். ஆனால் அந்தப் பகுதிக்குக் கைதட்டல் வராது என்பதால் நான் அதைப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டேன். மீன் பொரியல் வேறு அவ்வளவு ருசி.

சனிக்கிழமை காலை பள்ளி. ஒரு சர்ச்சின் பின்னால் இருக்கும் அறை. சாவி வதனியிடம். எழுத்து அட்டைகளும் வண்ண பென்சில்களும் இருந்த பெட்டிகளை அவருடைய கராஜிலிருந்து காரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம். இருபது பிள்ளைகள் இருக்கும். வதனி தமிழில் கேட்பார், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், அவர் விடாமல் மறுபடி தமிழில் கேட்பார். மயூரி என்று ஒரு எட்டு வயதுக்காரி முன் வரிசையில் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள். “என் தோழிகள் எல்லாம் இப்போது நெட்பால் ஆடுகிறார்கள். நான் மட்டும் இங்கே” என்று ஆங்கிலத்தில் என்னிடம் முறையிட்டாள். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ‘ழ’ எழுதி முடித்தவள் அவள்தான். வதனி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்து போனார். பாராட்டினால் அடுத்த வாரம் வேண்டுமென்றே தப்பாக எழுதுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். ஹாலுக்கு இரு நாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், நடுவில் ஒரு பாதை விட்டு, ஏதோ கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குடம் கிடைக்கவில்லை. கோயிலில் கேட்டதற்கு, அது கும்பம் வைப்பதற்கு, சங்கத்துக்குத் தரமுடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் பொருளாளர் குணா, ஈப்போவிலிருந்து வந்தவர், தன் கேட்டரிங் பிரியாணி அண்டாவைக் கழுவிக் கொண்டுவந்தார். ஓலைக்குப் பதில் காகிதத் துண்டுகள். நான் அரை மணி பேசினேன். நன்றாகவே பேசினேன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைதட்டியது. செந்தில் என் காதில், “நாலு வருஷத்துல இதுதாங்க ஃபர்ஸ்ட் டைம்” என்றார்.

பிறகு அவர் விதிகளைப் படித்தார். வயது வரம்பு, எல்லோரும் சரி என்றார்கள். வேதத்துக்குப் பதில் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். குணா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“நமக்கு வாசிக்க வரும்லா. கொஞ்சம் ஸ்லோவா வரும். ஸ்லோன்னா தள்ளிருவீங்களா?”

சிரித்து, அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷ இடைவெளி என்றதும் மேடையில் இருந்தவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது இந்த ஊருக்கு ஒத்துவராது, ஆளே கிடைக்காது என்று செந்திலே அடித்துவிட்டார். உறவினர் கூடாது என்பதும் போயிற்று. பெண்களின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்ததாகத் தெரியவில்லை என்பதை யாரும் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

சொந்த வீடு மட்டும் நின்றது. அதற்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

“மோர்கேஜ் வீடு சொந்த வீடோ? அது பாங்கின்ர வீடெல்லே?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. இரண்டு பக்கமும் மோர்கேஜ்காரர்கள்தான். அப்படிப் பார்த்தால் அண்டாவில் ஒரு சீட்டும் விழாது என்று யாரோ சொன்னார்கள். மோர்கேஜ் வீடும் சொந்த வீடே என்று முடிவாயிற்று. அந்த ஹாலில் இரண்டு நாட்டுக்காரர்களும் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் முடிவு செய்ததில்லை போலிருக்கிறது.

அப்போது நடு வரிசை ஒன்றிலிருந்து வதனி எழுந்தார்.

“நான் வாடகைக்கு இருக்கிறன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உட்காரவில்லை.

செந்தில் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே சங்கடப்பட்டார். “அக்கா, உங்களுக்காகப் போட்டதில்லைங்க அது. மேடமே ஒரு பேச்சுல சொல்லியிருக்காங்க. சொந்தமா ஒரு வீடு இருக்கிறவனுக்குத்தான் ஊர் மேல ஒட்டுதல் இருக்கும்னு அன்னைக்கே நம்ம ஆளுங்க யோசிச்சிருக்காங்கன்னு.” என் பக்கம் திரும்பினார். “இது கல்வெட்டுல இருக்கிறதுதானே மேடம்?”

மைக் என் கைக்கு வந்தது. அந்த வரியை நான் பேசியது நிஜம். பேசும்போதே அது சும்மா சொல்வது என்று தெரியும். ஒட்டுதலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நிலம் அவர்களுடையது, அதனால் பேச்சும் அவர்களுடையது, அதுதான் அந்த விதி. ஒரு பிராமண ஊரில் நிலம் உள்ளவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது, அதைப் பார்த்து யாரும் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டியதில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். முந்நூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எனக்குக் கைதட்டிய அதே முந்நூறு பேர்.

“ஆமா, இருக்கு” என்றேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். தேர்வில் முழு மதிப்பெண் போடலாம். வதனி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பெயர் எழுதுகிறவர்கள் முன்னால் வந்தார்கள். பின் வரிசைகளில் இருந்தவர்கள் வரவில்லை. படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்த மதுரைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தியும் அவள் கணவனும், டாக்ஸி ஓட்டுகிற ஒருவர். எல்லாம் வாடகை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சமையலறைப் பக்கம் போய் வடையைச் சூடு பண்ணத் தொடங்கினார்கள். வதனியும் எழுந்து போனார். தியா அண்டாவுக்குள் கையை விட்டு ஒவ்வொரு சீட்டாக எடுக்க எடுக்க, அவர்கள் தட்டுகளோடு வந்து எங்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதிலாக வதனியே வடையோடு என் எதிரில் நின்றார். “ஒண்டு காணுமோ ரீச்சர்?” என்று, போதுமா என்பதை அவர்கள் பாணியில் கேட்டார்.  வாங்கித் தின்றேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு ஆனந்த் என்பவர் பெயர் வந்தது. சென்னைக்காரர், பிளாட் புஷ்ஷில் இருக்கிறார். பாவம், தலையைச் சொறிந்தார். சனிக்கிழமை பையனுக்கு கிரிக்கெட், பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் வரமுடியாது, அதனால் பள்ளியைப் பிளாட் புஷ்ஷுக்கே மாற்றிவிடலாம் என்றார். வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள் வரட்டுமே, கார் எல்லோரிடமும் இருக்கிறதே என்றார். யாரும் எதிர்க்கவில்லை. கூட்டம் சண்டை இல்லாமல் முடிந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த நாட்களில் சுற்றிக் காட்டினார்கள். படகில் அக்கரை போனோம். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் காகிதத்தில் மடித்துத் தந்தார்கள். கடற்காகம் ஒன்று என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. தெருமுனை மளிகைக்கடையை இங்கே டெய்ரி என்கிறார்கள். பால் மட்டும்தான் விற்பார்கள் போல என்று நினைத்துப் போனேன், குஜராத்திக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பால் முதல் செருப்பு வரை விற்றுக்கொண்டிருந்தார். செந்திலின் மனைவி ஒரு எரிமலை மேட்டுக்கு அழைத்துப் போனார். மாவோரிகள் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டிக் கோட்டையாக வைத்திருந்தார்களாம், குழிகளில் கிழங்கு சேமித்தார்களாம். வேறு சமயமாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். அந்தப் படிகளை யார் வெட்டியிருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். எதைப் பார்த்தாலும் மனம் அங்கேயே போய் முட்டியது.

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் செந்திலிடம் சொல்லிவிட்டேன்.

“அந்த வீட்டு விதியை எடுத்துடுங்க செந்தில். அது தப்பு.”

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். “கல்வெட்டுல இருக்குன்னீங்களே மேடம்.”

“இருக்கு. அதுக்காக நாம செய்யணும்னு இல்லை. மத்த விதியெல்லாம் எடுத்தோமே.”

“அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா எடுத்திருப்பேனுங்க. நிஜமா எடுத்திருப்பேன். மைக் உங்க கையிலதானே இருந்துது.” குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இப்ப ஒண்ணை எடுத்தா, ஏன் எடுத்தே, யாருக்காக எடுத்தே, அவங்க இலங்கைக்காரங்கங்கிறதாலயான்னு ஆரம்பிப்பாங்க. அப்பறம் ரெண்டு ஹாலு. எல்லாரும் கைதட்டி முடிச்சதுங்க மேடம்.”

 அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம், புதன்கிழமை ஆனதும் யாராலும் முடியாத காரியமாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை எனக்கு விமானம். காலையில் நானே கிளம்பி, இந்தத் தடவை சரியான பஸ் பிடித்து, கிளென்ஃபீல்டில் இறங்கினேன். நன்றி என்று சத்தமாகச் சொன்னேன். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

சர்ச் அறையில் வதனி தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகள் கதவோரம் அடுக்கியிருந்தன. ஆனந்த் வந்து எடுத்துப்போவார், பிறகு சாவியைச் சர்ச்சில் கொடுத்துவிட வேண்டியதுதான். நான் துடைப்பத்தை வாங்கப் போனேன், தரவில்லை.

“என்னை மன்னிச்சுடு வதனி. அன்னைக்கு நான் வேற மாதிரி பேசியிருக்கணும்.”

“நீங்கள் பொய் சொல்லேல்லையே ரீச்சர்.”

“அதான் தப்பு.”

அவர் குனிந்து குப்பையை அள்ளினார். பிறகு தானாகவே சொன்னார். “மனுசன் இருக்கேக்கையே வீடு வாங்கப் பாத்தனாங்கள். பிளாட் புஷ் பக்கம் எங்களுக்கு ஏலும். இந்தப் பக்கம் விலையைக் கேக்கவே ஏலாது. ஆனா அங்க போனா சனிக்கிழமை ஆர் கதவைத் திறக்கிறது? பாப்பம் பாப்பம் எண்டு விட்டாச்சு. மூண்டு வீடு மாறிட்டன் ரீச்சர், மூண்டும் கிளென்ஃபீல்டுக்குள்ளதான்.”

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஊர்மேல் ஒட்டுதலைப் பற்றி மேடையில் பேசியவள் நான். அந்தப் பள்ளிக்காக வீடு வாங்காமலே இருந்தவரை, வீடு இல்லை என்று நாங்கள் வெளியே நிறுத்தியிருக்கிறோம். அழுகை வந்தது, அழுதேன். வதனி அழவில்லை. குப்பைக் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

வெளியே கார் நிற்கும் சத்தம். ஆனந்த்தான் என்று நினைத்தோம். மயூரி புத்தகப் பையோடு ஓடிவந்தாள். வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியை அவள் அப்பா பார்க்கவில்லை போலிருக்கிறது. வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இண்டைக்கு வகுப்பு இல்லை பிள்ளை. வீட்ட போங்கோ.”

மயூரி இரண்டு கையையும் மேலே தூக்கி “யெஸ்” என்று கத்திக்கொண்டு குதித்தாள். வதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அந்த நிலையிலும். அவள் காரை நோக்கி ஓடினாள். பாதி வழியில் நின்று, திரும்பி நடந்து வந்தாள்.

“அடுத்த வாரம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அடுத்த கிழமையும் இங்க இல்லை. இனிப் பிளாட் புஷ்ஷிலதான்.”

இப்போது குதிக்கவில்லை. அடுக்கி வைத்த பெட்டிகளைப் பார்த்தாள். எழுத்து அட்டைகள் இருந்த பெட்டியின் மூடியை விரலால் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். பிறகு வதனியை நிமிர்ந்து பார்த்து, அந்தப் பள்ளியில் நான் இருந்த நேரமெல்லாம் அவள் வாயிலிருந்து கேட்காத தமிழில் கேட்டாள்.

“ஏன் டீச்சர்?”

வதனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். என்னைக் காட்டினார்.

“இந்த ரீச்சரைக் கேளுங்கோ. அவவுக்குத்தான் தெரியும்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே சொல்லத் தெரியவில்லை. மயூரி என் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டு நின்றாள். முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து உடனே பதில் சொன்னவள், அந்த ஒரு குழந்தைக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.